எமலிங்கத்தில் வைத்த மனு

அண்ணாமலையாரை நம்பி நடக்கிற எல்லோருக்கும் என் வணக்கம். முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி அனுபவங்களை யாராவது எழுதினால் வரிக்கு வரி ஓட்டை தேடுகிறவன் நான். நோய் தீர்ந்தது என்று எழுதியிருந்தால், டாக்டரிடம் போனதை ஏன் எழுதவில்லை என்று கேட்பேன். வேலை கிடைத்தது என்று எழுதியிருந்தால், யார் சிபாரிசு என்று கேட்பேன். அப்படிப்பட்ட என்னை, நம்ம கிரிவலக் குழுவுக்கு நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்று சொன்னவள் என் மனைவி சுமதி. அவள் எதற்காகச் சொல்கிறாள் என்று அதையும் இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

நான் வக்கீல். திருவண்ணாமலை கோர்ட்டில் பத்தொன்பது வருஷம் சிவில் வழக்கு நடத்தினேன். நிலம், பாகப்பிரிவினை, வழித்தகராறு. குறுக்கு விசாரணையில் எனக்கு நல்ல பேர். எதிர்த்தரப்பு சாட்சி கூண்டில் ஏறியதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால், இப்போது ஏன் துடைக்கிறார் என்று பார்ப்பேன். அந்தப் புத்திதான் எனக்குச் சோறு போட்டது. சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் கறுப்பு கவுனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். புத்தியை மாட்ட ஆணி இல்லை. அதுதான் என் கஷ்டத்தின் ஆரம்பம்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாதம், நல்ல மழைக்காலம். கோர்ட்டுப் படி ஏறும்போது நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. கை விரல்கள் மரத்துப் போயின. தூக்கம் கம்மி, கோபம் ஜாஸ்தி. உடம்புக்கு என்னவோ என்று மற்றவர்கள் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரோ எனக்கு ஏதோ செய்கிறார்கள் என்று தோன்றியது. கேண்டீன் டீயை நிறுத்தினேன். ஒரு காலையில் வேங்கிக்காலில் எங்கள் வீட்டு கேட் பக்கத்தில் நசுங்கின எலுமிச்சம்பழம் கிடந்தது. செய்வினையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒரு குச்சியால் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் புது வண்டி வாங்கி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டிருந்தார். வண்டி அங்கேயே மாலையோடு நின்றது. அதைப் பார்த்த பிறகும், வண்டி வாங்க அந்த நாளை ஏன் தேர்ந்தெடுத்தார் என்றுதான் நான் யோசித்தேன். சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, இப்போது நானும் சிரிக்கிறேன்.

என் ஆபீசில் இரண்டு பேர். குமாஸ்தா தேவராஜ், ஜூனியர் ரேவதி. தேவராஜ் என்னோடு பன்னிரண்டு வருஷமாக இருந்தவர். ரேவதி கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண், அந்த வீட்டில் முதல் வக்கீல். என்னிடம் ஐந்து வருஷம் தொழில் கற்றவள். என் வழக்குகளின் விவரம் வெளியே கசிகிறது, இந்த இருவரில் ஒருவர்தான் கசியவிடுகிறார் என்று எனக்குள் ஒரு முடிவு வந்துவிட்டது. ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆதாரம் இல்லாததையே ஆதாரமாக எடுத்துக்கொண்டேன். அவ்வளவு சாமர்த்தியமாகச் செய்கிறார்கள் என்று.

வக்கீலுக்கு டைரிதான் உயிர். எந்த வழக்கு எந்தத் தேதிக்கு வாய்தா போயிருக்கிறது என்பது அதில்தான் இருக்கும். ஆபீஸ் டைரியைப் பார்த்துத்தான் எல்லோரும் ஓடுவோம். தை மாதம் நான் ஒரு பொறி வைத்தேன். தேதி எழுதும் வேலையை தேவராஜிடமிருந்து வாங்கிக்கொண்டேன். ஆபீஸ் டைரியில் சில வழக்குகளுக்கு வேண்டுமென்றே பொய்த் தேதி எழுதினேன். உண்மைத் தேதியை ஒரு சின்ன டைரியில் எழுதி சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பொய்த் தேதி எந்தப் பக்கம் போய்ச் சேருகிறது என்று பார்த்தால் திருடன் மாட்டுவான் என்பது என் கணக்கு.

மாட்டினாள் என்றே நினைத்தேன். சித்திரை மாதம் ஒரு வழக்கு. ஆபீஸ் டைரியில் பொய்த் தேதி போட்டிருந்தேன். உண்மைத் தேதி என் சட்டைப்பைக்குள். அன்று கோர்ட்டுக்குப் போனால், ரேவதி எனக்கு முன்னால் அங்கே வழக்குக் கட்டோடு நிற்கிறாள். என் நெஞ்சுக்கு மட்டும் தெரிந்த தேதி இவளுக்கு எப்படித் தெரிந்தது? நான் அதை அவளிடம் கேட்கவே இல்லை. பத்தொன்பது வருஷம் ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்டவன், கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. சாயந்திரம் அவளை ஆபீசை விட்டுப் போகச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவள் தன் சட்டப் புத்தகங்கள் நான்கை எடுத்துக்கொண்டு, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது அழாததையும் நான் சந்தேகப்பட்டேன்.

ஆடி பிறந்ததும் அடுத்த அடி. ஒரு கட்சிக்காரர் வக்கீலை மாற்ற வேண்டுமென்றால், புது வக்காலத்தில் பழைய வக்கீல் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது எங்கள் வழக்கம். ஒரே மாதத்தில் மூன்று பேர் அந்தத் தாளோடு என் முன்னால் வந்து தலையைச் சொரிந்துகொண்டு நின்றார்கள். மூன்று தாளிலும் புது வக்கீலின் பேர் ரேவதி. மூன்றாவதாக வந்தவர் அடி அண்ணாமலை ஏழுமலை. அவருடைய நிலத்துக்குப் போகிற வண்டிப் பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் அடைத்துவிட்ட வழக்கு. ஒன்பது வருஷமாக நான் நடத்தியது. ஏன் என்று கேட்டேன். "தப்பா நெனைக்காதீங்க ஐயா" என்பதற்கு மேல் அவர் பேசவில்லை. கையெழுத்துப் போட்டேன். பேனா நடுங்கியது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை நானும் பார்த்தேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. புரட்டாசி பாதி தாண்டியதும் ஒருநாள் சுமதியின் போனை எடுத்துப் பார்த்தேன். அது தப்பு என்று தெரிந்தேதான் பார்த்தேன். தினமும் காலையில் ரேவதியின் நம்பருக்கு அழைப்பு போயிருந்தது. அன்றோடு என் மனைவியிடம் பேசுவதை விட்டேன். பதினொரு நாள். அவள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அடுப்படி வாசலில் நிற்பாள். நான் தட்டைப் பார்ப்பேன், அவளைப் பார்க்க மாட்டேன். ஒரு டாக்டரைப் பார்க்கலாம் என்று அவள் கெஞ்சினாள். எனக்குப் பைத்தியப் பட்டம் கட்டி வீட்டை எழுதி வாங்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இதை எழுதவே கை கூசுகிறது. அவள் படித்துப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்று சொன்னதால் விட்டிருக்கிறேன்.

அந்தப் பதினொரு நாளுக்குள்தான் ஒருநாள், நிறைந்த கோர்ட்டில், சாட்சியை விசாரித்துக்கொண்டிருந்தபோது அடுத்த கேள்வி மறந்துவிட்டது. வாயில் வார்த்தையே வரவில்லை. சட்டை நனைந்தது. நீதிபதி அம்மா மனசிரங்கி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். அத்தனை பேர் முன்னால், அந்தத் தண்ணீரை நான் முகர்ந்து பார்த்தேன். முன்வரிசை வக்கீல்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதைப் பார்த்தபோதுதான் நான் எங்கே வந்து நிற்கிறேன் என்று லேசாகப் புரிந்தது. அதன் பிறகு சில நாட்கள், காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தபடிதான் படுத்தேன்.

ஆனாலும் புத்தி விடவில்லையே. எல்லாவற்றுக்கும் காரணம் ரேவதிதான் என்று பார் கவுன்சிலுக்கு நான்கு பக்கப் புகார் தயார் செய்தேன். கட்சிக்காரர்களை ஏமாற்றி இழுத்தாள், ரகசியத்தை விற்றாள் என்று. அதை அனுப்பினால் அந்தப் பெண்ணின் தொழில் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

ஐப்பசி மறுபடியும் வந்தது. முதல் சனிக்கிழமை விடியற்காலையில் தனியாக கிரிவலம் கிளம்பினேன். பௌர்ணமிக்குப் போகாததற்கும் காரணம் உண்டு. அத்தனை லட்சம் குரலில் என் குரல் சுவாமிக்குத் தனியாகக் கேட்குமா என்ற சந்தேகம். தோளில் துணிப்பை. அதில் புகார், சின்ன டைரி, இன்னொரு தாள். அந்தத் தாளில் சுவாமிக்கு ஒரு மனு எழுதியிருந்தேன். எனக்கு வேறு மாதிரி வேண்டத் தெரியாது. "என் பிழைப்பைக் கெடுக்கிற ஆள் யார் என்று காட்ட வேண்டும். காட்டினால் அந்த ஆளை நான் விடமாட்டேன்." அவ்வளவுதான்.

வக்கீல்கள் எந்த மனு எழுதினாலும் கடைசியில் ஒரு வரி தானாக வரும். "இந்த நீதிமன்றம் தக்கதெனக் கருதும் மற்ற நிவாரணங்களையும் வழங்க வேண்டும்" என்று. நாம் கேட்க மறந்ததையும் கொடுக்க நீதிபதிக்கு ஒரு வழி விட்டு வைப்பது அது. பழக்கத்தில் கை அதையும் எழுதிவிட்டது. நான் அதைப் பேனாவால் அடித்துவிட்டேன். சுவாமி பாட்டுக்கு வேறு எதையாவது கொடுத்துவிட்டு இதுதான் பதில் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கேட்டதை மட்டும் கொடுத்தால் போதும். பாருங்கள், அண்ணாமலையாரையே நான் நம்பவில்லை.

எமலிங்கத்தின் முன்னால் அந்தத் தாளை வைத்துக் கும்பிட்டேன். கிரிவலப் பாதையின் அஷ்ட லிங்கங்களில் இவரிடம்தான் வைக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். அப்பீல் இல்லாத கோர்ட்டு அது. குருக்கள் விபூதி கொடுத்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

வருண லிங்கம் தாண்டி அடி அண்ணாமலை வந்தபோது வெயில் ஏறிவிட்டது. நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. கால் மேலே எழவில்லை. எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யார் கடை என்று பார்க்கவில்லை. யாரோ என் தோளைப் பிடித்து, "மெதுவா மூச்சு வுடுங்க ஐயா" என்றார்கள். நிமிர்ந்தால் ஏழுமலை. அவர் அங்கே கடை வைத்திருப்பது எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷம் வழக்கு நடத்தியும் அவருடைய பிழைப்பு என்ன என்று நான் கேட்டதில்லை.

மூச்சு திரும்பி வந்ததும் நான் நன்றி சொல்லவில்லை. விசாரணையைத் தொடங்கினேன். உங்களை இழுத்தது ரேவதிதானே, என்ன சொல்லி இழுத்தாள், தேவராஜும் கூட்டா என்று அடுக்கினேன். அவர் டீ ஆற்றிக்கொண்டே கேட்டார். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தம்மா என்னை இழுக்கல ஐயா. போவாதீங்கன்னுதான் சொல்லிச்சு. சாருக்கு ஒடம்பு சரியில்ல, ஆறு மாசம் பொறுத்துக்கங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு. நாங்கதான் கேக்கல. ஆனி மாசத்துல ஒருநாள் கேஸைக் கூப்புட்டாங்க, நீங்க வரல. தள்ளிடுவாங்கன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. வேற எதுக்கோ வந்திருந்த அந்தம்மா எழுந்து நின்னு, எங்க சீனியருக்கு ஒடம்பு சரியில்லீங்கன்னு சொல்லி வாய்தா வாங்கிக் குடுத்துச்சு. நீங்க அந்தம்மாவ வெளிய அனுப்புனதுக்கு அப்பால நடந்தது இது."

நான் வந்த அன்றைக்கு உங்கள் வழக்கே இல்லை என்றேன். என் டைரியில் இருபத்தொன்று என்று இருக்கிறது, நான் இருபத்தொன்றாம் தேதி போனேன், பட்டியலில் வழக்கைக் காணோம், யாரோ மாற்றிவிட்டார்கள் என்றேன். சின்ன டைரியை எடுத்து நீட்டினேன். ஏழுமலை எழுந்து போய், கடையில் மாட்டியிருந்த அண்ணாமலையார் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். ஒன்பது வருஷ வாய்தாச் சீட்டுகள் அதில் இருந்தன. ஒவ்வொரு வாய்தா முடிந்ததும் கட்சிக்காரருக்கு நானே கைப்பட எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டு. நான் எழுதியதில் கடைசியானதை எடுத்துக் கொடுத்தார்.

பன்னிரண்டு என்று இருந்தது. என் கையெழுத்து.

அந்தப் பன்னிரண்டாம் தேதி காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தேவராஜ் ஆபீஸ் டைரியோடு வந்து, "இன்னிக்கு ஏழுமலை கேஸ் இருக்கு சார்" என்று சொன்னார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பொய்த் தேதியை நம்பி வந்துவிட்டார் பார் என்று. அவரையும் போகவிடாமல் உட்கார வைத்தேன். தூக்கம் கெட்ட தலையோடு பொய்யை என் சட்டைப்பையிலும் உண்மையை ஆபீஸ் டைரியிலும் எழுதி வைத்திருந்தவன் நானேதான். திருடனுக்கு வைத்த பொறியில் என் கட்சிக்காரர்களின் வழக்குகள் விழுந்துகொண்டிருந்தன. யார் என்று காட்டு என்று கேட்டேன். ஒரு லிங்கத்தில் மனு வைத்தேன், அடுத்த இரண்டு மணி நேரத்தில் காட்டிவிட்டார்.

ஏழுமலை டீயைக் கையில் கொடுத்தார். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் தெரிந்தது, நான் அதை முகர்ந்து பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே அழுதேன். கிரிவலம் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

கிரிவலத்தை முடித்துவிட்டு ரேவதி உட்காருகிற இடத்துக்கு நேராகப் போனேன். இன்னொரு வக்கீலின் ஆபீசில் மூலையில் ஒரு மேஜை. புகாரை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். எனக்கு அந்தத் தண்டனை வேண்டியிருந்தது. சித்திரையில் அந்தத் தேதி உனக்கு எப்படித் தெரிந்தது என்று, ஆறு மாதம் தாமதமாகக் கேட்டேன்.

"போன்ல கோர்ட் லிஸ்ட் பாத்தேன் சார். எல்லாருக்கும் தெரியற விஷயம்தானே. டைரியில தேதி தப்புத் தப்பா இருந்துச்சு. உங்ககிட்ட சொன்னா கோபப்படுவீங்கன்னு அக்காவும் நானும் தினம் காலைல பேசி, எது விட்டுப்போச்சோ அதை நானே பாத்துக்கிட்டேன். வெளிய போன அப்புறமும் அதை நிறுத்தல."

அக்கா என்றது சுமதியை. என் மனைவியின் போனில் இருந்த அத்தனை அழைப்புகளும் அதற்குத்தான். ரேவதி தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினாள். "மூணாம் பக்கத்துலயும் ஒரு தேதி தப்பா இருக்கு சார்" என்றாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அங்கேயே அந்த நான்கு தாளையும் கிழித்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு டைரிகளையும் சுமதியின் முன்னால் விரித்து வைத்தேன். பதினொரு நாள் கழித்து அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை, "டாக்டர்கிட்ட போலாம்". அவள் உடனே செருப்பைத் தேடினாள்.

டாக்டரிடம் போனதை ஏன் எழுதவில்லை என்று மற்றவர்களைக் கேட்கிறவன் நான், அதனால் அதையும் எழுதுகிறேன். மனநல டாக்டர் அம்மாவையும் முதல் நாள் அரைமணி நேரம் குறுக்கு விசாரணை செய்தேன். அவர் கோபப்படவில்லை. உங்கள் மூளை ஞாயிற்றுக்கிழமைகூட கோர்ட்டு நடத்துகிறது என்றார். மாத்திரை கொடுத்தார், வாரம் ஒருநாள் வந்து பேசச் சொன்னார். மாத்திரை அட்டையில் பேரைச் சரிபார்த்துத்தான் விழுங்கினேன். ஆனால் விழுங்கினேன். தை மாதம் நல்ல தூக்கம் வந்தது. அண்ணாமலையாரா டாக்டரா என்று என்னைக் கேட்காதீர்கள். டாக்டரிடம் போகிற கால்களை அவர் அடி அண்ணாமலையில் உட்கார வைத்துத் திருப்பிவிட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

கோர்ட்டில் வழக்கு நடத்துவதை அந்தப் பங்குனியோடு விட்டேன். சுலபமாக விடவில்லை. பத்தொன்பது வருஷப் பேர். வக்கீல் என்று சொல்லாமல் நான் யார் என்று ராத்திரியும் பகலும் பயந்தேன். இரண்டு பீரோ நிறைய இருந்த கட்டுகளை, கட்சிக்காரர்களின் சம்மதத்தோடு ஒவ்வொன்றாக ரேவதிக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு வக்காலத்திலும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வாரம் பேனா நடுங்கியது. மூன்றாவது வாரம் நடுங்கவில்லை. தேவராஜ் அவளோடுதான் இருக்கிறார், டைரியை மறுபடியும் அவரே எழுதுகிறார்.

நான் பயிற்சி எடுத்துக்கொண்டு இப்போது சமரச மையத்தில் உட்காருகிறேன். சண்டை போட்ட இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச வைக்கிற வேலை. அங்கே யார் எது சொன்னாலும் அது வெளியே சாட்சியம் ஆகாது. அதனால் ஒருவர் கண்ணாடியைத் துடைத்தால், கண்ணில் தண்ணீர் வந்திருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஏழுமலையின் வழக்கும் சமரசத்துக்கு வந்தது. அவருக்கு நான் வக்கீலாக இருந்தவன் என்பதால் எழுந்து வெளியே போய்விட்டேன். வேறொருவர் பேசி முடித்தார். ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் பாதை திறந்திருக்கிறது. போன போகம் மணிலாக்கொட்டையை ஏழுமலை அந்த வழியாகத்தான் ஏற்றி வந்தார். எங்கள் வீட்டுக்கும் ஒரு பை வந்தது.

சந்தேகம் அடியோடு போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. இதை எழுதும்போதே என்னை நான் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நடந்து களைத்தவன் எந்தக் கடையிலாவது உட்காரத்தானே வேண்டும்? சரி. அந்தப் பாதை முழுக்க டீக்கடைகள், அதில் ஏழுமலையின் கடை முன்னால் என் கால் நிற்க வேண்டிய அவசியம் என்ன? தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். நானும் சொல்லிப் பார்த்தேன். என் மனசு ஒப்பவில்லை. பதில் தெரியாத கேள்வியை அப்படியே கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடிக்க எனக்கு இப்போது முடிகிறது. அதுவே எனக்குப் பெரிய வரம்.

என்னைப் போல் தொழிலால் மனசு கெட்டுப்போனவர்கள் இந்தக் குழுவில் இருக்கலாம். வெளியே சொல்ல மாட்டீர்கள். நானும் சொல்லவில்லை. வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஒருவர் நிற்பார், அவரை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். டாக்டரிடம் போங்கள். மலையையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். நம்பிக்கை இல்லாமல் வந்தாலும் பரவாயில்லை, நானும் அப்படித்தான் வந்தேன்.

ஒரு வரியை நான் அடித்த அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்போதும் எமலிங்கத்தின் முன்னால் நிற்கும்போது மனு வைக்கத்தான் செய்கிறேன். யாரையும் காட்டச் சொல்லி எழுதுவதில்லை. அன்றைக்கு அடித்த அந்த ஒரு வரியை மட்டும் எழுதி வைத்துவிட்டு வருகிறேன். சுவாமி, உனக்குத் தக்கதென்று தோன்றுவதைக் கொடு.